தட்டோன் கடல் எங்கே போனது?

அன்புள்ள அக்கா,

போன மாதம் இங்கே பர்மாவில், மோல்மேனிலிருந்து தட்டோனுக்குப் போயிருந்தேன். கப்பல் வந்து நின்ற ஊர் அது என்று தாத்தா சொல்வார். போய்ப் பார்த்தால் சுற்றிலும் வயல். கடலுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டுமாம். கடல்மட்டம் உயர்கிறது என்கிறார்களே, இங்கே மட்டும் எப்படிப் பின்வாங்கியது?

ஒரு வாசகர், மோல்மேன்

அன்புள்ள தம்பி,

தாத்தா சொன்னது சரிதான். கடலைத் தள்ளிவிட்டது சேறு.

மழைக்காலத்தில் ரங்கூன் ஆற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள், பால் டீ மாதிரி இருக்கும். ராத்திரி அசைக்காமல் வைத்தால் காலையில் அடியில் மாவு போல வண்டல் படிந்திருக்கும். 1870களில் ராபர்ட் கார்டன் என்ற பொறியாளர் ஐராவதி ஆற்றில் எடுத்த அளவுகளை 2007இல் மறுபடி கணக்குப் போட்டார்கள்: ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கும் மேல் வண்டல்! அதில் பெரும்பகுதியை ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் ஓட்டம், கிழக்கே மார்த்தபான் வளைகுடாவுக்கு இழுத்துப் போகிறது. சித்தாங், சால்வின் ஆறுகளின் சேறும் அங்கேதான். படிந்த சேற்றில் கண்டல் என்ற உப்புச்சேற்று மரம் வேர் பிடிக்கும், அப்புறம் புல், அப்புறம் நெல்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருக வேகமாக ஏறி உள்ளே வந்தது. ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த வேகம் அடங்கியதும் வண்டல் முந்திக்கொண்டது. கடல் உயர்ந்தாலே கரை உள்ளே வரும் என்று கணக்கில்லை, தம்பி. உயர்வதைவிட வேகமாகச் சேறு வந்து நிரப்பினால் கரை வெளியேதான் நகரும். கடல் தாழ்ந்தாலோ, சேறே வராவிட்டாலும் நகரும்.

நம் கொற்கையை நினைத்துப் பாருங்கள். பாண்டியரின் முத்துத் துறை, தாமிரபரணி வண்டலால் தூர்ந்து, இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிராமமாக இருக்கிறது. ஆனால் வடக்கே சோழநாட்டுப் பக்கம் புகாரைக் கடல் கொண்டது என்பார்கள்.

எனக்குக் கவலை இனிமேல்தான். மேலே அணை கட்டினால் சேறு அங்கேயே தங்கிவிடும். ஆற்றில் மணலும் அள்ளுகிறார்கள். கடலோ மறுபடி ஏறுகிறது. சித்தாங் முகத்துவாரத்தில் நீரோட்டம் பக்கம் மாறும்போதெல்லாம் ஒரு கரை இடிந்து, எதிரே புதுத் திட்டு எழும். பீலின் பக்கம் வயலோடு ஊரும் போய், வீட்டைப் பிரித்துக்கொண்டு இடம் மாறியவர்கள் இருக்கிறார்கள். புதுத் திட்டு அவர்கள் பெயரில் எழுவதில்லையே!

அடுத்த முறை தட்டோன் போகும்போது வயலில் கிணறு தோண்டுவதைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். கீழிருந்து வரும் சாம்பல் நிறக் களியைப் பிட்டுப் பாருங்கள். சிப்பி இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா