சைக்கிளில் வரும் விருந்தாளி: சம்மதம் யார் சொல்வது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. நான், கணவர், மாமியார் மூன்று பேர்தான் இருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனுக்குச் சைக்கிள் என்றால் உயிர். சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் காசு வாங்காமல் வீட்டில் இடம் கொடுக்கிறவர்கள் சேர்ந்திருக்கும் ‘வார்ம்ஷவர்ஸ்’ என்ற அமைப்பில், எங்களைக் கேட்காமலே எங்கள் வீட்டைப் பதிந்துவிட்டான். இப்போது பிரான்ஸைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் ஜனவரியில் இரண்டு ராத்திரி தங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மகனுக்கு அப்போது லீவு கிடைக்காது. கணவர் ‘வரட்டுமே’ என்கிறார். மாமியார் ‘முன்பின் தெரியாதவர்களை எப்படி உள்ளே விடுவது, கல்யாணம் ஆனவர்களோ இல்லையோ’ என்கிறார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. வெஸ்டர்ன் டாய்லெட்டும் இல்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பதிந்தான், கணவர் வரட்டும் என்கிறார், மாமியார் வேண்டாம் என்கிறார். உங்களுக்கு இதில் விருப்பமா என்று ஒரு வரி இல்லை. அந்த இரண்டு நாளும் இருட்டோடு எழுந்து அடுப்பு பற்றவைக்கப் போவது நீங்கள். படுக்கை விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் உங்கள் தலையில்தான் விழும். அப்படியிருக்கச் சம்மதம் சொல்லும் உரிமையும் உங்களுக்குத்தான். முதலில் மகனிடம் இதைப் பேசிவிடுங்கள். இனி யார் கேட்டு எழுதினாலும் ‘அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று பதில் போடட்டும். பெயர் பதிந்திருப்பதால் கேட்கிறவர்களையெல்லாம் ஏற்றாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ‘இந்த வாரம் தோதுப்படாது’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர்கள் கிருஷ்ணகிரியில் லாட்ஜ் பார்த்துக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், வரச் சொல்லுங்கள் என்பேன். தர்மபுரியில் எங்கள் வீட்டில் சில வருடங்களாக இப்படி ஆட்களைத் தங்கவைத்து வருகிறேன். எல்லாருமே மனதில் நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை.

மாமியாரின் பயத்தை லேசாக நினைக்காதீர்கள். தோப்பு வீட்டில் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது அது நியாயமான பயம். வார்ம்ஷவர்ஸ் 1993-ல் தொடங்கியது. அதில் தங்கியவரும் தங்கவைத்தவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதி வைப்பார்கள். இந்த இருவரைப் பற்றி முன்பு இடம் கொடுத்தவர்கள் எழுதியதை மகன் தமிழில் படித்துக் காட்டட்டும், மாமியாரும் கேட்கட்டும். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வீடியோ காலில் மகன் அவர்களோடு பேசட்டும், நீங்கள் மூவரும் பக்கத்தில் இருங்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பார்த்த பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டப்படி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும் உள்ள விதி இது என்று பலர் நினைக்கிறார்கள். காசு வாங்காமல் இடம் கொடுக்கும் வீட்டுக்கும் இது உண்டு. ‘ஃபாரம் சி’ (Form C) படிவம் என்று சொல்லிப் பழகியது இதைத்தான். 2025-ல் வெளிநாட்டவர் சட்டம் புதிதாக வந்த பிறகும் இந்தக் கடமை அப்படியேதான் இருக்கிறது. ஆன்லைனில் முன்கூட்டியே உங்கள் வீட்டு முகவரியைப் பதிந்து அனுமதி வாங்கி வைத்திருந்தால்தான் அன்றைக்கு விவரம் ஏற்ற முடியும். மகன் இப்போதே அந்த வேலையைத் தொடங்கட்டும். எங்கே முட்டினாலும் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் பிரிவில் கேளுங்கள். பாஸ்போர்ட், விசா இரண்டின் படத்தையும் முதலிலேயே அனுப்பச் சொல்லலாம். நாடு நாடாகச் சுற்றுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுக்க மறுத்தால் இடமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இனி, நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தவள் ஒரு இளம்பெண், தனியாகச் சைக்கிளில் வந்தாள். வெள்ளைக்காரப் பெண் வருகிறாள் என்று நான் நாத்தனார் குடும்பம், பக்கத்து வீடு, தெருமுனை டெய்லர் வீடு என்று எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது, பேச்சும் போட்டோவும் முடியவே இல்லை. இலை போடும்போது மணி பத்து. அந்தப் பெண் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் கண் கலங்கிவிட்டது. ‘நான் தூங்கப் போகலாமா?’ என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். அன்றைக்கு மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தவள். அதை ஒருவரும், நான் உட்பட, யோசிக்கவில்லை. நாம் விருந்து என்று நினைத்துச் செய்தது அவளுக்குத் தண்டனையாக முடிந்தது. இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

பெங்களூரிலிருந்து உங்கள் ஊருக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஓசூர் தாண்டினால் மொத்தத்தில் இறக்கம்தான். ஆனாலும் இருபது முப்பது கிலோ மூட்டையோடு, லாரிகளுக்கு ஓரமாக நாள் முழுக்க மிதித்து வருகிறவர்களுக்கு வந்ததும் வேண்டியது குளியல்தான். அந்த அமைப்பின் பெயருக்கே வெந்நீர்க் குளியல் என்றுதான் அர்த்தம். ஜனவரியில் நம் பக்கம் பொழுது சாய்ந்ததும் குளிர் ஏறிவிடும், அண்டாவில் வெந்நீர் போட்டு வையுங்கள். குளித்து வந்த உடனே சாப்பாடு, ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் பார்க்க ஆசைப்பட்டால் மறுநாள் மத்தியானம் வரட்டும். அன்று ஓய்வு நாள், அவர்களும் சந்தோஷமாகப் பேசுவார்கள்.

சாப்பாட்டுக்கு ரொம்பத் தடபுடல் வேண்டாம், நிறைய இருந்தால் போதும். சைக்கிள் மிதிக்கிறவர்களின் பசி வேறு பசி. ஆளுக்கு எட்டு இட்லி என்று கணக்கு வையுங்கள். நம் கேழ்வரகு களியைத் தயங்காமல் போடுங்கள், கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ சேர்த்து. எங்கள் வீட்டில் தங்கியவர்கள் அதிகம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது களிதான். மென்று தின்னாமல் விழுங்க வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுங்கள். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள், தயிர் தாராளமாக வையுங்கள்.

வருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா? சில பேருக்குக் கடலை உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. நம் வீட்டில் சட்னி, பொடி, தாளிக்கிற எண்ணெய் எல்லாவற்றிலும் கடலை இருக்கும், பார்த்தால் தெரியாது. கறி சாப்பிடுவார்களா என்பதையும் அப்படியே கேட்டுவிடலாம்.

குடிக்கக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு, கொதிக்கவைத்தால் அது போகாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். இரண்டு நாள் குடிப்பதால் ஃபுளோரைடு ஒன்றும் செய்யாது. வழிப்போக்கரைப் படுக்கவைப்பது கிருமிதான், அதற்குக் கொதிக்கவைப்பது போதும்.

டாய்லெட் பற்றிக் கவலை வேண்டாம். ‘இந்தியன் டாய்லெட், வாளியும் மக்கும் இருக்கும்’ என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். இத்தனை தூரம் வருகிறவர்கள் அதைப் பழகியிருப்பார்கள்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று வந்தவர்களிடம் கேட்காதீர்கள். மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அவருடைய வீட்டில் அவர் மனசுக்கும் மதிப்பு வேண்டும். ‘எங்கள் வீட்டில் பெண் உள் அறையில் படுப்பார், ஆண் ஹாலில் படுப்பார், சரியா?’ என்று கேட்டு எழுதலாம். சம்மதம் என்றால் வருவார்கள். வந்த பிறகு வாசலில் நிற்கவைத்துச் சொல்வதுதான் தப்பு. உடையும் அப்படித்தான். இறுக்கமான அரைக்கால் சட்டையோடு வந்து இறங்குவார்கள், சைக்கிள் மிதிக்க அது தேவை. குளித்ததும் மாற்றிக்கொள்வார்கள் என்று மாமியாரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அவர்கள் டென்ட் வைத்திருப்பார்கள், தோப்பில் அடித்துக்கொள்கிறோம் என்று கேட்கலாம். விடாதீர்கள். ஜனவரியில் மாமரம் பூக்கும், மருந்து அடிக்கும் காலம். பாம்பும் உண்டு. டென்ட்தான் வேண்டும் என்றால் மொட்டை மாடி இருக்கிறது. சைக்கிளை வீட்டுக்குள் அல்லது பூட்டுகிற அறைக்குள் வைக்க இடம் ஒதுக்குங்கள். அது அவர்களுக்கு வண்டி, வீடு, சொத்து எல்லாம். வெளியே நிறுத்தினால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்கள்.

பஞ்சர் கடைக்குக் கூட்டிப்போக நேர்ந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். வெளிநாட்டு சைக்கிள் டியூப்பின் வால்வு பெரும்பாலும் பென்சில் முனை மாதிரி மெல்லியதாக இருக்கும். பைக்குக்குக் காற்றடிக்கிற குழாய் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று அவர்கள் பையிலேயே இருக்கும், கேளுங்கள்.

கிளம்புகிற அன்று வழி சொல்வது உங்கள் கணவரின் வேலை. சேலம் போகிறார்கள் என்றால் தொப்பூர் கணவாயைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். நல்ல வெளிச்சத்தில், ஓரமாக, நிதானமாக இறங்கட்டும். ஒகேனக்கல் என்றால் பாலக்கோடு, பென்னாகரம் வழி போகட்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் காடு, பொழுது சாய்ந்த பிறகு அங்கே சைக்கிள் கூடாது. பாண்டிச்சேரி போகிறவர்கள் என்றால் கிருஷ்ணகிரியிலேயே ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று திரும்பிவிடலாம். அப்படியானால் உங்கள் ஊருக்கு வருவது அவர்களுக்குச் சுற்று. இதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் வந்து ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது.

இங்கிலீஷைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் வராது. போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறது, அதைவிடக் கை ஜாடை வேகமாக வேலை செய்கிறது. இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

இன்று ராத்திரி மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். ‘வரட்டுமா?’ என்று கேட்பதற்கு முன், ‘நான் வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்’ என்று உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். களி கிளறுவது அவர் கைப்பக்குவமாக இருந்தால் அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அவர்கள் வந்துபோன பிறகு மாமியார் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், காத்திருப்பேன்.