அமெரிக்காவில் பெரிய கல்லூரிகள் ஜிபிஏவைப் பெரிதாகப் பார்க்குமா, எஸ்ஏடியையா?

கேள்வி: மகள் நியூஜெர்சியில் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு. ஜிபிஏ (பள்ளி மார்க்கின் சராசரி, 4க்கு) 3.8; வெயிட்டட் அல்ல, அதாவது கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்க்காதது. எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு, 1600க்கு) 1430. பள்ளியின் எஸ்ஏடி சராசரி 1080. பெரிய கல்லூரிகள் எதற்கு அதிக மதிப்புத் தரும்? டெஸ்ட் கட்டாயமில்லாத இடங்களுக்கு 1430ஐ அனுப்பலாமா? 12ஆம் வகுப்பில் கால்குலஸை விட்டுவிட்டால் ஜிபிஏ ஏறும் என்கிறாள். விடலாமா?

பதில்: நானும் இதே மாநிலத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். நம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்விதான் இது.

கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கட்-ஆஃப் போட்டு, அரை மார்க்கில் கல்லூரி மாறிப்போன ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கேயும் அப்படி ஒரு கோடு இருக்கும் என்று தேடுகிறோம். இல்லை. சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்டு மீது போட்ட வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். 2019இல் பட்டம் பெறவேண்டிய வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களுக்கு முழு ஜிபிஏ. எஸ்ஏடி கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 3,000க்கும் மேல். இருந்த இடங்களோ 1,600 சொச்சம். மார்க்கை மட்டும் வைத்து வரிசைப்படுத்த அவர்களால் முடியவே முடியாது.

அதனால் முதலில் கையில் எடுப்பது ட்ரான்ஸ்கிரிப்டை, அதாவது எடுத்த பாடங்களும் மார்க்குகளும் உள்ள பள்ளிப் பட்டியலை. அதிலும் ஜிபிஏ என்ற ஒற்றை எண்ணைவிட, எந்தப் பாடங்களில் அந்த மார்க் வந்தது என்பதற்குத்தான் கனம். பல கல்லூரிகள் பள்ளி கொடுக்கும் ஜிபிஏவை ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் முறையில் திரும்பக் கணக்கிடுகின்றன. ஆகவே வெயிட்டட் 4.6 என்று பக்கத்து வீட்டில் சொன்னால் கலங்க வேண்டாம்.

பெற்றோர் கண்ணில் படாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பம்) பள்ளிக் கவுன்சிலர் நிரப்பும் படிவம். உங்கள் பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவி எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று அதில் ஒரு கேள்வி வரும். 'மிக மிகக் கடினம்' என்பதில் தொடங்கி 'சராசரிக்கும் கீழ்' வரை கட்டங்கள் இருக்கும். கவுன்சிலர் ஒன்றில் டிக் போடுவார். அந்த ஒரு டிக், மூன்று பி-பிளஸ்களுக்கு விளக்கம் சொல்லிவிடும். ஏ-யாகவே நிறைந்த ட்ரான்ஸ்கிரிப்டின் மதிப்பைக் குறைத்தும் விடும்.

இரண்டாவது, ஸ்கூல் ப்ரொஃபைல். ஓரிரு பக்கத் தாள்தான். பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் (கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்கள்) உண்டு, மார்க் எப்படிக் கணக்கிடுகிறார்கள், எஸ்ஏடி சராசரி என்ன, போன வருடத்துப் பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் மகளின் விண்ணப்பத்தோடு அதுவும் போகிறது. பெரும்பாலான பள்ளிகளில் கவுன்சிலிங் பக்கத்திலேயே கிடைக்கும். இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். இருபது ஏபி வைத்திருக்கும் பள்ளியில் மூன்று எடுத்ததும், நான்கே இருக்கும் பள்ளியில் மூன்று எடுத்ததும் அவர்களுக்கு ஒன்றல்ல.

சரி, எஸ்ஏடிக்கு வருவோம். ஏ எல்லாப் பள்ளியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு பள்ளியின் ஏ-யும் இன்னொன்றின் ஏ-யும் சமமா என்று தெரிந்துகொள்ள ஒரு பொது அளவு வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் டெஸ்ட்டைத் தள்ளி வைத்த எம்ஐடி 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே எந்தத் துறையில் பட்டம் வாங்கினாலும் இரண்டு பருவம் கால்குலஸ், இரண்டு பருவம் கால்குலஸ் சார்ந்த இயற்பியல் முடித்தாக வேண்டும். அதற்குப் பிள்ளை தயாரா என்பதைப் பள்ளி மார்க்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். 2024இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் எல்லாம் அதே வழிக்குத் திரும்பின. யேல் எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி மதிப்பெண்களையும் ஏற்கிறது. நேர் எதிரான உதாரணம் கலிபோர்னியப் பல்கலைக்கழகம்: பெர்க்லி, யூசிஎல்ஏ உட்பட எந்த வளாகமும் சேர்க்கையில் ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை. 1600 வாங்கியிருந்தாலும் அங்கே பயன் கிடையாது.

டெஸ்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சாதகம் என்று பலர் சொல்கிறார்கள். என் வகுப்பறையில் இருந்து பார்க்கையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆராய்ச்சி அனுபவம், கோடைக்கால முகாம், கட்டுரை திருத்தித் தரும் ஆலோசகர் எல்லாவற்றையும் பணம் இருந்தால் வாங்கலாம். எஸ்ஏடிக்கும் கோச்சிங் உண்டுதான். ஆனால் கான் அகாடமி தளத்திலும், எஸ்ஏடி எழுதும் புளூபுக் செயலியிலும் காசில்லாமல் பயிற்சி செய்து, பெரிதாக யாரும் கேள்விப்படாத பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ள முடிகிறதே, அது சின்ன விஷயமா?

உங்கள் 1430க்கு நேரடியாகப் பொருந்துவது டார்ட்மவுத் ஆய்வாளர்கள் கண்டது. டெஸ்ட் கட்டாயமில்லாத ஆண்டுகளில், வசதி குறைந்த பின்னணி கொண்ட பல மாணவர்கள் 1400களில் வாங்கிய ஸ்கோரை, போதாது என்று நினைத்து மறைத்துவிட்டார்கள். அனுப்பியிருந்தால் அவர்களுக்கு அது உதவியிருக்கும். சராசரி 1080 உள்ள பள்ளியில் 1430 என்பது கண்ணில் படும் எண். ஆனால் வீட்டின் பின்னணியையும் சேர்த்தே பார்ப்பார்கள் என்பதால், பெற்றோர் இருவரும் பொறியாளர் என்றால் அதன் எடை கொஞ்சம் குறையும்.

ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்'டில் சி9 பகுதியைப் பாருங்கள். சேர்ந்தவர்களில் நடு ஐம்பது சதவீதத்தினரின் ஸ்கோர் அங்கே இருக்கும், எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். பாதிப் பேர்தான் அனுப்பினார்கள் என்றால், அந்த எல்லை உயர்ந்தே தெரியும், ஏனென்றால் நன்றாக வாங்கியவர்கள்தான் அனுப்பியிருப்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் போல இன்னும் கட்டாயமாக்காத இடங்களில் இதை மனதில் வைத்து முடிவெடுங்கள். எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் நான் அனுப்பத்தான் சொல்வேன். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்தக் கல்லூரியின் தளத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கால்குலஸை மட்டும் விட வேண்டாம். பொறியியலோ அறிவியலோ பொருளாதாரமோ அவள் நினைப்பில் இருந்தால் இது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். 12ஆம் வகுப்பில் எளிதான பாடம் எடுத்தால் 3.8 என்பது 3.85 ஆகலாம். கூடவே கவுன்சிலரின் டிக் ஒரு கட்டம் இறங்கலாம். கடினமான பாடத்தில் வரும் பி-பிளஸ் அதைவிட மேல். அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வுக்குக் கையெழுத்துப் போடும் முன் கவுன்சிலரைப் பார்த்து, "இந்தப் பட்டியலோடு போனால் அந்தக் கேள்வியில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.