கடைசியாக வந்தவரின் ஓட்டம்

கேள்வி: பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடிக் கடைசியாக வந்த என் மகள், இனி மைதானத்துக்கே போகமாட்டேன் என்கிறாள். வெற்றி தராத விளையாட்டினால் பிள்ளைக்கு என்ன பயன்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகள் ஓட்டத்தை இடையில் கைவிடாமல் எல்லைக்கோடு வரை ஓடி வந்திருக்கிறாள் என்பதை முதலில் அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் சார்பில் 10,000 மீற்றர் ஓடிய ரணதுங்க கருணானந்த, அமெரிக்காவின் பில்லி மில்ஸ் தங்கம் வென்று மற்றவர்களும் ஓடி முடித்த பின்னர், எஞ்சிய சுற்றுகளைத் தன்னந்தனியாக ஓடினார். தொடக்கத்தில் ஏளனம் செய்த பார்வையாளர்களே இறுதியில் கரவொலி எழுப்பி அவரை வரவேற்றார்கள். பதக்கம் பெறாத அவரை ஜப்பானியர் இன்றும் மதிப்போடு நினைவுகூர்கிறார்கள்.

அடுப்படியிலும் அலுவலகத்திலும் நாம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை, கைதட்ட ஒருவருமின்றி முடிக்க வேண்டியவை அல்லவா? அந்தப் பழக்கம் சிறுவயதில் மைதானத்தில்தான் எளிதாகப் படிகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அண்மையில் இங்கே ஒரு போட்டியில், கடைசியாக வந்த சிறுமியொருத்தி, சப்பாத்தில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைக்கூடத் தட்டாமல், முதலாவதாக வந்தவளுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டியதைப் பார்த்தேன். என் கண்கள் கலங்கிவிட்டன.

மகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். வாரம் ஒருமுறை அவள் ஓடும் நேரத்தை ஒரு கொப்பியில் அவளையே குறிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.