அடுப்படி இழுத்துக் கட்ட ஏஐ போடும் கணக்கை நம்பலாமா?

கேள்வி: மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி வரிசை வீடு. பின்பக்கம் 20-க்கு 10 அடி அடுப்படி இழுக்கப் போகிறோம். சிமெண்டு, கம்பி, அஸ்திவாரம் எல்லாவற்றையும் ஏஐ-யிடம் கேட்டுச் செய்துவிடலாமா?

சாமான் கணக்குக்குத் தாராளமாகக் கேளுங்கள். அஸ்திவாரத்துக்கு வேண்டாம்.

தரை 4 அங்குலம் என்றால் கான்கிரீட் ஏறக்குறைய 1.9 கன மீட்டர். 1:2:4 கலவைக்கு (சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு) 50 கிலோ சிமெண்டு மூட்டை 12 வேண்டும், சேதாரத்துக்கு இன்னும் ஒன்று. ஏஐ சில நேரம் 8 மூட்டை போதும் என்று கூசாமல் சொல்லிவிடும். வழுக்கும் இடம் இதுதான்: காய்ந்த சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீர் பட்டதும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். 1 கன மீட்டர் கான்கிரீட்டுக்குக் காய்ந்த சாமான் 1.54 கன மீட்டர் போடவேண்டும். அந்த 1.54-ஐ விட்டால் மூன்றில் ஒரு பங்கு சிமெண்டு காணோம். அதனால் 'எத்தனை மூட்டை' என்று மட்டும் கேட்காமல், 'காய்ந்த அளவு எவ்வளவு எடுத்தாய், வரிவரியாகப் போட்டுக் காட்டு' என்று கேளுங்கள். மலேசியா என்றும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பனி உறையும் ஆழம், பிஎஸ்ஐ அளவு என்று அமெரிக்காவுக்குப் போய்விடும். தரைக்குள் போடும் கம்பி வலையில் நம் கடையில் கிடைப்பது பிஆர்சி ஏ7: 7 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டர் இடைவெளி.

தண்ணீரிலும் கவனம். ஒரு சிமெண்டு மூட்டைக்கு 26 லிட்டர் என்று ஏஐ சொல்வது காய்ந்த மணலுக்கு. மதியம் கொட்டிய மழையில் நனைந்திருந்தால், ஒரு மூட்டைக்குச் சேர்க்கும் மணலே 5 லிட்டர் வரை தண்ணீர் கொண்டுவரும். அதைக் கழிக்காமல் ஊற்றினால் தரை மாவாக உதிரும்.

மண்ணுக்கு வருவோம். பழைய வீடு பைலிங்கில், அதாவது ஆழமாக மண்ணில் இறக்கிய தூண்களில் நிற்கலாம். புது அடுப்படி வெறும் மண்ணில் உட்காரும். பேராக்கில் ஈயம் தோண்டிய பள்ளத்தை (ஈயலம்பத்தை) மூடிய நிலமாக இருந்தால் அடுப்படி இறங்கும், வீடு இறங்காது. இரண்டும் சேரும் இடத்தில் மேலே அகலமாக, கீழே குறுகலாக வெடிப்பு விழும். அந்தப் படத்தை ஏஐ-க்கு அனுப்பினால் 'பூச்சு வெடிப்பு' என்றே சொல்லக்கூடும், அதற்கு மண் தெரியாதே! மெக்கிந்தோஷ் புரோப் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; மண்ணின் உறுதியைப் பார்க்கக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கும் சோதனை அது. 5 கிலோ சுத்தியல் 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும்; கம்பி ஒவ்வோர் அடி ஆழம் இறங்கவும் சுத்தியல் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுவார்கள். பழைய சுவரோடு கம்பி குத்திக் கட்டுவதா, இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துவதா என்பதை அந்த எண்களை வைத்து என்ஜினியர்தான் சொல்லவேண்டும். நகராண்மைக் கழகத்துக்குப் போகும் பிளானில் கையெழுத்துப் போடுவதும் மனிதன்தான்.

ஏஐ உண்மையில் கைகொடுப்பது குத்தகையாளரின் கொட்டேஷனில். 'அடுப்படி முழுதும்' என்று ஒரே வரியில் தொகை போட்டிருந்தால் அதைக் கொடுத்து, எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். தரைக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக், கறையான் மருந்து, சாக்கடை மாற்றம், இடித்த கல்லை அள்ளும் லோரிக் கூலி என்று வரிசையாக எடுத்துக் கொடுக்கும். வேலை பாதியில் நிற்கும்போது கூடுதல் காசு கேட்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.