கிண்ணத்தில் இறங்கும், பாட்டிலில் ஏறும்

கேள்வி: குச்சியால் தட்டி வாசிக்கும் ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்குகிறது. பாட்டில் வாயில் ஊதினாலோ, தண்ணீர் கூடக்கூடச் சத்தம் ஏறுகிறது. ஏன் இப்படி?

பதில்: இரண்டிலும் அதிர்வது ஒரே பொருள் அல்ல. விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப் பொறுத்தே சுருதி. 220 முறை அதிர்வது 440 ஆனால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

கிண்ணத்தைக் குச்சியால் தட்டும்போது அதிர்வது பீங்கான் சுவர். தன்னை ஒட்டி நிற்கும் தண்ணீரையும் அது சேர்த்து ஆட்ட வேண்டும். சுமை கூடினால் அதிர்வின் எண்ணிக்கை குறையும். அதிகம் அசைவது விளிம்புதான். அதனால் அடியில் கால் கிண்ணம் ஊற்றினாலும் சுருதி அவ்வளவாக மாறாது. விளிம்பை நெருங்கிவிட்டால் ஒரு ஸ்பூன் தண்ணீரே சுருதியைக் கீழே இழுத்துவிடும், அங்கே நிதானம் வேண்டும்.

பாட்டிலில் அதிர்வது காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறுகி, அது விறைப்பான ஸ்பிரிங் போல ஆகிறது. முக்கால் பாட்டில் தண்ணீர் ஊற்றினால், அதிர்வின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஜலதரங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: தண்ணீர் சுருதியை இறக்கும், ஏற்றாது. ஆகவே வெறும் கிண்ணமே வேண்டிய ஸ்வரத்துக்குச் சற்று மேலே ஒலிக்க வேண்டும். ஊற்றியதும் சுவரில் ஒட்டும் சிறு குமிழிகள் நாதத்தை மழுக்கும். அவற்றை விரலால் துடைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். அப்போதும் கரகரப்பு இருந்தால், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் விழுந்த கிண்ணத்தைத் தண்ணீர் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும்.