நிர்வாகம் சரியில்லாத நிறுவனத்தில் வேலை: கேள்வி பதில்

திருப்பூர் பனியன் நிறுவனங்களிலும் கோவை ஃபவுண்டரிகளிலும் 26 ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் மெர்ச்சன்டைசர் (வாங்குவோரின் ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்புவது வரை கவனிப்பவர்). முதலாளி ஒன்று சொல்கிறார், அவருடைய தம்பி வேறொன்று சொல்கிறார். ஷிப்மென்ட் தாமதமானால் பழி மட்டும் என் மேல் விழுகிறது.

பதில்: சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வருவது இத்தொழிலில் புதிதல்ல. ஆனால் நிறத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர் யார் என்பதே தெளிவாகாமல், லேப் டிப் (நிற ஒப்புதலுக்காகச் சாயமிட்டு அனுப்பும் மாதிரித் துணி) நான்கு முறை திரும்பிப் போய், கப்பலில் போக வேண்டிய சரக்கு கடைசியில் விமானத்தில் போகும்போது, அந்தச் செலவுக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. முடிவெடுத்தவர் பெயர் எங்கும் எழுதப்படாததால், பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மின்னஞ்சல் அனுப்பிய நீங்களே அகப்படுகிறீர்கள். நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் இப்படியே ஓராண்டில் மூன்று மெர்ச்சன்டைசர்கள் விலகினார்கள். மூவரும் திறமையானவர்கள், அவர்களுக்காக இன்றும் வருந்துகிறேன். வாய்மொழியாக வரும் ஒவ்வோர் உத்தரவையும் அன்றைக்கே, "இன்று மாலை தாங்கள் கூறியபடி இந்த நிறத்தைச் சாயத்துக்கு அனுப்புகிறேன்" என்று இருவருக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால், அது துணி நனைவதற்கு முன்பே வெளிவந்துவிடும்.

கேள்வி: சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள். பாஸ்புக்கில் ஏழு மாதமாக வரவே இல்லை. கேட்டால், "பணம் வந்ததும் கட்டிவிடுவோம்" என்கிறார்கள்.

பதில்: உங்களிடம் பிடித்த 12 விழுக்காட்டையும் நிறுவனத்தின் பங்கையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் வெறும் தாமதமாகக் கருதுவதில்லை. அது நம்பிக்கை மோசடிக் குற்றம். சம்பளச் சீட்டுகளை இணைத்து வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் இணையக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் செய்யுங்கள். ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கணக்கையும் உடனே பாருங்கள், ஏனெனில் ஒன்றைக் கட்டாதவர்கள் மற்றொன்றையும் கட்டியிருப்பது அரிது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு இல்லையென்றால், நோயுற்று வீட்டில் கிடக்கும்போது கிடைக்க வேண்டிய 70 விழுக்காட்டு ஊதியமும் கைவிட்டுப் போகக்கூடும்.

கேள்வி: நான்கரை ஆண்டுகள் முடித்துவிட்டேன். இப்போதே விலகினால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) போய்விடுமா?

பதில்: பொது விதி ஐந்தாண்டுகள். எனினும், நான்காண்டுகள் முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் பணியாற்றியவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியமாக 15,000 வீதம் 75,000 ரூபாய் வரும். நான்கரை ஆண்டில் அந்த 240 நாட்கள் நிறைந்திருக்காது, எனவே இப்போதே விலகினால் இந்தத் தொகை கிடைப்பது கடினம். வழக்குத் தொல்லையும் வேண்டாமென்றால், ஐந்தாண்டு முடியும்வரை ஆறு மாதம் பொறுங்கள். ஆனால் உறக்கம் கெட்டு, உடல் கெடும் நிலையிலிருந்தால் இந்தத் தொகைக்காக அங்கே இருக்க வேண்டாம்.

கேள்வி: அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பதில்: வைத்திருக்க அவர்களுக்கு உரிமையில்லை. எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடிதத்துடன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இனி எங்கும் நகல் மட்டுமே கொடுங்கள்.

கேள்வி: பம்ப் தொழிற்சாலையில் மூன்றாண்டுகளாக ஓடிக்கொண்டே இருக்கிறேன். நேர்முகத் தேர்வில் சொல்ல எதுவுமே இல்லை.

பதில்: இழப்புகளில் இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன், ஏனெனில் இதை எந்த அலுவலகத்திலும் முறையிட்டுப் பெற முடியாது. காலையில் ஒரு லைனில் நின்றவரை மதியம் டெஸ்பாட்ச்சுக்கு அனுப்பி, மாலையில் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தச் சொல்லும் இடத்தில், ஒருவர் எந்த வேலையையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதில்லை. மேலதிகாரி உங்களுக்காக இதை மாற்றுவார் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு வேலையை, உங்கள் லைனில் ரிஜெக்‌ஷன் ஏன் வருகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த ஷிஃப்டில், எந்த உதிரிபாகத்தில், எத்தனை எண்ணிக்கை, என்ன மாற்றியதும் குறைந்தது என்று ஆறு மாதம் உங்கள் சொந்த நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த நேர்முகத் தேர்வில் அதைப் பற்றியே பேசுங்கள்.