கொரோனா காலத்தில் கல்லூரி ஃபுட்பால் நடத்தியது சரியா?

கொரோனா உச்சத்தில் இருந்த 2020ல் அமெரிக்கக் கல்லூரிகள் ஃபுட்பால் நடத்தியது சரியா, விளையாட விரும்பிய வீரர்களை விளையாட விட்டதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இலையுதிர் காலத்தில் நடத்தியிருக்கக் கூடாது என்பதுதான் என் பதில். ஐந்தாறு மாதம் தள்ளி, அடுத்த வசந்தத்தில் வைத்திருக்கலாம். அப்படி வைத்தவர்களும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அந்த வருடம் நான் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழக ஊரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். இளநிலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் பின்னணி. இது உலகக் கோப்பையில் பார்க்கிற கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு முட்டி மோதி விளையாடும் அமெரிக்க ஃபுட்பால். ஒவ்வொரு முறை பந்து கிளம்பும்போதும் இரண்டு அணியிலும் முன்வரிசையில் நிற்பவர்கள் எதிராளியின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில்தான் குனிந்து நிற்பார்கள். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான விளையாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கல்லூரி விளையாட்டு என்றதும் சின்ன அளவில் கற்பனை செய்துகொள்ளவும் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். அப்போதைய அலபாமா கோச் நிக் சேபனின் ஆண்டுச் சம்பளம் 90 லட்சம் டாலருக்கு மேல். நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று மற்ற எல்லா விளையாட்டுக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஃபுட்பால் பணம்தான் சோறு போடுகிறது. அப்போது விளையாடிய மாணவனுக்கு ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்குமிடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. தன் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில் தலைகாட்டிச் சம்பாதிக்கக்கூட, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 2021 ஜூலை வரை அனுமதிக்கவில்லை.

2020 மார்ச் 12ல் தேசிய அளவிலான கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியை ரத்து செய்தபோது யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஃபுட்பாலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன, அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. ஜூலை 8ல், ஹார்வர்டும் யேலும் இருக்கிற ஐவி லீக் அந்தப் பருவத்தில் எந்த விளையாட்டும் இல்லை என்று அறிவித்தது. தங்களுக்குள் மோதிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள். ஆகஸ்ட் 11ல் பெரிய கான்ஃபரன்ஸ்களான மத்திய மேற்கின் பிக் டென்னும் மேற்குக் கரையின் பேக்-12ம் அதே முடிவுக்கு வந்தன. மீதிப் பெரிய கான்ஃபரன்ஸ்களான, பெரும்பாலும் தெற்குப் பக்கத்து எஸ்இசி, ஏசிசி, பிக் 12 மூன்றும் பின்வாங்கவில்லை. பிக் டென் மேல் அடுத்த ஐந்து வாரம் விழுந்த அழுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. வீரர்களின் பெற்றோர் அதன் தலைமையகத்துக்கே போய்ப் போராடினார்கள். நெப்ராஸ்கா வீரர்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். செப்டம்பர் 1ல் அதிபர் டிரம்ப் நேரடியாக பிக் டென்னின் தலைமை நிர்வாகியான கமிஷனர் கெவின் வாரனிடம் போனில் பேசினார். செப்டம்பர் 16ல் பிக் டென் முடிவை மாற்றிக்கொண்டது. எட்டு நாளில் பேக்-12ம் மாற்றிக்கொண்டது.

தினமும் ஆன்டிஜென் பரிசோதனை செய்ய வழி கிடைத்துவிட்டது, அதனால்தான் மாற்றம் என்றார்கள். பரிசோதனை வந்தது உண்மை. ஆனால் நோய் குறையவில்லையே. அக்டோபர் கடைசியில் பிக் டென் ஆட்டங்கள் தொடங்கியபோது, ஆகஸ்ட்டில் வேண்டாம் என்று சொன்ன நேரத்தைவிட மத்திய மேற்கில் நிலைமை பல மடங்கு மோசமாக இருந்தது. விஸ்கான்சின் அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்த கையோடு அணிக்குள் தொற்று பரவி, அடுத்த இரண்டு ஆட்டங்களும் ரத்தாயின.

என்னை உறுத்தியது வைரஸ் கணக்கைவிட வேறொன்று. வகுப்பறைக்கு ஒரு நியாயம், மைதானத்துக்கு இன்னொரு நியாயம் என்று ஆனதுதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் ஆகஸ்ட் 10ல் வகுப்புகள் தொடங்கின. ஒரே வாரத்தில், 17ம் தேதி, தொற்று பரவியதால் இளநிலை வகுப்புகளை எல்லாம் ஆன்லைனுக்கு மாற்றினார்கள். விடுதி மாணவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஃபுட்பால் அணி அங்கேயே இருந்தது, பயிற்சி செய்தது. செப்டம்பர் 12ல் சிரக்யூஸ் அணியை வரவழைத்து 31-6 என்று ஜெயித்தது. மிச்சிகனிலும் இதே கதைதான். அக்டோபர் 20ல் மாவட்ட சுகாதாரத் துறை, இளநிலை மாணவர்கள் அவசியம் இல்லாமல் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. விளையாட்டு அணிகளுக்கு விலக்கு. நான்கு நாள் கழித்து மிச்சிகன் அணி மினசோட்டாவுக்குப் பறந்து போய் விளையாடியது.

என்சிஏஏ இந்த வீரர்களை முதலில் மாணவர்கள், பிறகுதான் விளையாட்டுக்காரர்கள் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தது. சம்பளம் கேட்டால் அதுதான் பதில். சரி, மாணவர்கள் என்றால் மற்ற மாணவர்களுக்கு ஆபத்து என்று மூடிய வளாகம் இவர்களுக்கும் மூடியிருக்க வேண்டும். இல்லை, இவர்கள் வந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு வருமானம், வந்தே ஆக வேண்டும் என்றால் அது வேலை. வேலைக்குக் கூலியும் பேரம் பேசும் உரிமையும் வேண்டும். இரண்டையும் மறுத்துவிட்டு விளையாடச் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இனி நீங்கள் கேட்ட, விரும்பியவர்கள் விளையாடட்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட்டில் கிளெம்சனின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற வீரர், டிரெவர் லாரன்ஸும் மற்ற சிலரும் விளையாட விரும்புகிறோம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். ஓஹயோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் தொடங்கிய கோரிக்கை மனுவில் லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். லாரன்ஸ் சொன்ன ஒரு காரணம் கனமானது. ஃபுட்பாலை நிறுத்தினால் பல வீரர்கள் இதைவிட ஆபத்தான சூழலுக்குத்தான் திரும்பிப் போவார்கள், அங்கே பரிசோதனையும் இருக்காது, மருத்துவரும் இருக்க மாட்டார் என்றார். ஏழைக் குடும்பங்களில் இருந்து வரும் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது நிஜம்.

இந்த வாதம் கேட்பது பரிசோதனை, மருத்துவம், நல்ல சாப்பாடு, பாதுகாப்பான அறை. இவற்றைத் தர ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சனிக்கிழமை மேட்ச் எதற்கு? மேட்ச் இல்லாமலும் தந்திருக்கலாம். பின்னால் ஆடவே ஆடாத வீரர்களுக்கும் ஸ்காலர்ஷிப் பறிபோகாது, இன்னொரு வருடம் விளையாடத் தகுதி என்றெல்லாம் என்சிஏஏ அறிவித்தது. மனமிருந்தால் விதியை மாற்ற முடிந்திருக்கிறது.

என் வகுப்பில் அணியைச் சேர்ந்த ஒரு மாணவர் இருந்தார். பெரிய நட்சத்திரம் இல்லை, பெரும்பாலும் பெஞ்சில் இருப்பவர். ஜூம் வகுப்பு முடிந்த பிறகு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார், அதனால் கிறிஸ்துமஸ் வரை வீட்டுப் பக்கம் போகப் போவதில்லை என்றார். விலகிக்கொள்ள அனுமதி இருக்கிறதே, விலகலாமே என்றேன். ஸ்காலர்ஷிப் போகாது, ஆனால் என் இடம் போய்விடும் என்றார். யாரும் அவரை மிரட்டவில்லை, நல்ல கோச் என்றுதான் சொன்னார். இருந்தாலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிற அணியில், பத்தொன்பது வயதில், தன் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கும் மனிதரிடம் தனியாகப் போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பென் ஸ்டேட்டின் மைக்கா பார்சன்ஸ், ஆரிகனின் பெனே சூவெல், எல்எஸ்யூவின் ஜமார் சேஸ் எல்லாம் விலகினார்கள். அவர்களைத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் எப்படியும் எடுத்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். பெஞ்சில் இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை.

அதே வருடம் அதே விளையாட்டை என்எஃப்எல்லும் நடத்தியது. அங்கே வீரர் சங்கம் உட்கார்ந்து பேசியது. உடல்நல ஆபத்து அதிகம் உள்ள வீரர் விலகினால் 3,50,000 டாலர், மற்றவர் விலகினால் 1,50,000 டாலர் முன்பணம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதனால் என்எஃப்எல் நடந்ததில் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. கல்லூரியில் பேக்-12 வீரர்கள் சிலர் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்து, பாதுகாப்பு விதிகளில் எங்களுக்கும் பங்கு வேண்டும், கறுப்பின மக்களை இந்த நோய் அதிகமாகத் தாக்குகிறது, அணிகளில் பாதிப் பேர் கறுப்பினத்தவர் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் குரல் சில நாளில் அமுங்கிப்போனது. விளையாட விரும்புகிறோம் என்ற குரல்தான் அதிபர் வரை போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் அந்த இரண்டாவது குரலும் வீரர் சங்கம் வேண்டும் என்றுதான் கேட்டது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவ விஷயத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பயந்த அளவுக்கு இதயப் பாதிப்பு வரவில்லை. செப்டம்பரில் ஓஹயோ ஸ்டேட் மருத்துவர்கள், தொற்று வந்து தேறிய 26 வீரர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் 4 பேருக்கு இதயத் தசை அழற்சியின் அறிகுறி தெரிந்ததாக எழுதினார்கள். எல்லோரும் கதிகலங்கிப்போனோம். பிறகு பிக் டென் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1,597 வீரர்களைப் பார்த்ததில் 37 பேருக்குத்தான் இருந்தது, 2.3 சதவீதம். ஆனால் இந்தக் கணக்கு வெளியானது 2021 மே மாதம். முடிவெடுத்த செப்டம்பரில் கையில் இருந்தது அந்த 26 பேர் ஆய்வு போன்ற சின்ன ஆய்வுகள்தான். ஒன்றும் தெரியாத நேரத்தில் இருபது வயதுப் பிள்ளைகளின் இதயத்தை வைத்துப் பார்த்தார்கள். நல்லபடியாக முடிந்ததால் அந்த முடிவு சரியாகிவிடாது.

வீரர்களோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ஃப்ளோரிடா கோச் டேன் மல்லன் அக்டோபர் 10ல் தோற்ற கையோடு, அடுத்த வாரம் எங்கள் ஸ்டேடியத்தை 90,000 பேரால் நிரப்ப வேண்டும் என்றார். அந்த வாரமே அணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, மேட்ச் தள்ளிப்போனது, அவருக்கும் தொற்று. நவம்பர் 7ல் நோட்ரே டாம் கிளெம்சனைத் தோற்கடித்ததும் பார்வையாளர் கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் பாய்ந்தது. அந்த ஆட்டத்தில் லாரன்ஸ் விளையாடவே இல்லை, அவருக்கும் கொரோனா வந்திருந்தது. ஸ்டேடியத்தை மூடி வைத்த ஊர்களிலும் சனிக்கிழமை என்றால் மாணவர் வீடுகளில் பார்ட்டிதான். எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பிக் டென் ஊர்களின் மேயர்கள் பலர் சேர்ந்து, உள்ளூர்த் தொற்று அளவைப் பார்த்து முடிவெடுங்கள், மாலை ஆட்டங்களைத் தவிருங்கள் என்று கடிதமே எழுதினார்கள். அந்த நேரத்தில் எங்களைப் போன்ற சாதாரண மாணவர்கள் ஒரு பரிசோதனைக்கு நேரம் வாங்கி, முடிவுக்காக நாள்கணக்கில் அறைக்குள் காத்துக் கிடந்தோம்.

அந்தப் பருவத்தில் மனதுக்கு நிறைவாக இருந்த ஒரு விஷயம் உண்டு. வாண்டர்பில்ட் அணியின் உதைக்கிற வீரர்கள் எல்லாம் தனிமைப்படுத்தப்பட்டதால், பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் சாரா ஃபுல்லரைக் கூப்பிட்டார்கள். நவம்பர் 28ல் அவர் களம் இறங்கினார். பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் விளையாடிய முதல் பெண் அவர்தான். அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன்.

நடத்தாமல் விட்டால் மற்ற விளையாட்டுகள் செத்துவிடும் என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்ட் ஜூலையிலேயே பதினொரு விளையாட்டுகளை நிறுத்தப் போவதாக அறிவித்தது, அடுத்த வருடம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பணக் கஷ்டம் உண்மை. அதற்குக் கோச்சுகளின் சம்பளத்தில் கை வைக்கலாம், கடன் வாங்கலாம். சம்பளமே இல்லாதவனிடம் போய் ஈடுகட்டு என்று கேட்பது நியாயமில்லை.

இப்போது அந்த வசந்த கால விஷயம். அடுத்த நிலைப் பிரிவான எஃப்சிஎஸ், சாம்பியன்ஷிப்பை 2021 வசந்தத்துக்குத் தள்ளிவைத்தது. டெக்சாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் மே 16ல் இறுதி ஆட்டம். சாம் ஹூஸ்டன் 23-21 என்று சவுத் டகோட்டா ஸ்டேட்டை ஜெயித்தது. தடுப்பூசி டிசம்பரில் அனுமதி பெற்று, ஏப்ரலில் கல்லூரி வயதினர் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அங்கேயும் ஆட்டங்கள் ரத்தாயின, சில அணிகள் பாதியில் விலகின. ஆனாலும் வழி ஒன்று இருந்தது என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள். பெரிய அணிகள் அந்த வழியை எடுக்காததற்கு டிவி அட்டவணை ஒரு காரணம், என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்ளும் ஏப்ரல் மாதத் தேர்வு இன்னொரு காரணம், ஒரே வருடத்தில் இரண்டு பருவம் விளையாடினால் உடம்பு தாங்குமா என்ற கவலை மூன்றாவது. கடைசிக் காரணம் மட்டும்தான் எனக்கு மதிக்கத்தக்கதாகப் படுகிறது. அதற்கும் அடுத்த பருவத்தில் ஆட்டங்களைக் குறைத்திருக்கலாம்.

டிசம்பரில் நடந்த ஒன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். பருவம் முடிந்து, தேர்ந்தெடுத்த அணிகள் கடைசியாக ஆடும் பவுல் ஆட்டங்களுக்கு நேரம் வந்தபோது, சில அணிகள் போகலாமா வேண்டாமா என்பதை வீரர்களிடமே விட்டன. பதினொரு ஆட்டம் ஆடி முடித்திருந்த பாஸ்டன் காலேஜ் வீரர்கள் வேண்டாம், வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். அவர்களைத் தொடர்ந்து இன்னும் பல அணிகள் அதே முடிவை எடுத்தன. இதே கேள்வியை ஆகஸ்ட்டிலும் ஒவ்வொரு அணியிலும் ரகசிய வாக்கெடுப்பாக வைத்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். நடத்தலாம் என்றே வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தால் என் எதிர்ப்பில் பாதி குறைந்திருக்கும்.

2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரத் தொடங்கியிருக்கின்றன, ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரை. பேரம் பேசும் சங்கம் மட்டும் இன்னும் இல்லை. அடுத்த தொற்று வருவதற்குள் அதை அமைத்துவிட வேண்டும். அப்போது நடத்தலாமா கூடாதா என்று பேச உட்காரும் மேஜையில், கமிஷனருக்கும் டிவி கம்பெனிக்கும் எதிரே வீரர்களின் ஆட்களுக்கும் நாற்காலி போட்டே ஆக வேண்டும்.